கீமோவுக்கு நடுவே மீன் எண்ணெய்

ஊரப்பாக்கத்தில் எந்த மருந்துக்கடைக்குப் போனாலும் மீன் எண்ணெய் மாத்திரைக்குச் சீட்டு கேட்கமாட்டார்கள். ஆளி விதை எண்ணெயும் அப்படித்தான். வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும், "கீமோ எதுக்கு, இதைக் குடிங்க" என்று வாட்ஸ்அப்பில் முதலில் வந்து நிற்பவையும் இவைதான்.

முழுப்பொய் என்று தள்ளிவிட முடியாததுதான் சிக்கல். ஆய்வாளர் யு.என். தாஸும் ஐதராபாத் மருத்துவர்களும் மூளைக்கட்டி நோயாளிகள் சிலருக்குக் காமா லினோலெனிக் என்ற கொழுப்பு அமிலத்தைச் செலுத்தினார்கள். கட்டி சுருங்கியதாக 1990களில் ஆய்விதழ்களில் எழுதினார்கள். ஆனால் அந்த அமிலம் நேரே கட்டிக்குள் செலுத்தப்பட்டது. கரண்டியில் ஊற்றிக் குடிக்கும் எண்ணெய்க்கு அதைச் சாட்சியாக இழுப்பது மோசடி. வழக்கமான சிகிச்சையாக அது இன்னும் வரவுமில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. நெதர்லாந்தில் புற்றுநோய் மருத்துவர் எமில் வோஸ்ட் குழுவினர், மீன் எண்ணெயிலுள்ள ஒருவகைக் கொழுப்பு அமிலம் கீமோவின் வேலையைக் கெடுப்பதை 2011-இல் எலிகளிடம் கண்டார்கள். மீன் எண்ணெய் குடித்தவர்களின் ரத்தத்தில் அது ஏறுவதை 2015-இல் காட்டினார்கள். கீமோவுக்கு முந்தைய நாள் தொடங்கி மறுநாள் வரை மீன் எண்ணெய் வேண்டாம் என்பது அவர்கள் யோசனை. மனிதர்களிடம் கீமோ கெட்டதாக நிரூபணமில்லை. இருந்தாலும் டாக்டரிடம் மறைக்கிற விஷயமா இது? டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுங்கள். நோய் முற்றி எடை இறங்குகிறவர்களுக்குக் கீமோவின்போது டாக்டரே மீன் எண்ணெய் எழுதித் தருவதும் உண்டு. அது பசிக்கும் எடைக்கும்தான், கட்டியைக் கரைக்க அல்ல.

புற்றுநோயைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 6 மாதம் வரை சிறை. உணவுப்பொருள் என்று சொல்லித் தப்பப் பார்த்தால், பொய் விளம்பரத்துக்கு 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். பில், டப்பா, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் எடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும் புகார் தரலாம். விற்றவர் சொந்தக்காரராகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருந்தால் புகார் தரத் தயக்கம் வரலாம். அந்தத் தயக்கத்தில் புகாரை விட்டுவிடாதீர்கள்.

செலவுக்குப் பயந்து எண்ணெய் பக்கம் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஊரப்பாக்கத்தில் மின்ரயில் ஏறினால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடலாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடக்கம். அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் விண்ணப்பிக்கலாம்.