ஃபிராய்ட் எழுந்து நடந்த நாள்

நோயாளியைச் சாய்வு மெத்தையில் படுக்க வைத்து, அவர் பார்வையில் படாமல் தலைமாட்டில் அமர்ந்து பேச்சைக் கேட்பது உளப்பகுப்பாய்வின் தந்தை சிக்மண்ட் ஃபிராய்டின் வழக்கம். 1910 ஆகஸ்டில் அவர் ஹாலந்தில் விடுமுறையில் இருந்தார். அங்கே மெத்தை ஏது? தேடி வந்தவரோ இசைமேதை குஸ்தாவ் மாலர். மனைவி ஆல்மாவுக்கு வேறொருவருடன் காதல் என்று தெரிந்து நிலைகுலைந்திருந்தார். வருகிறேன் என்று சொல்லிச் சொல்லித் தள்ளிப்போட்டவர், ஒருவழியாக வந்து சேர்ந்தார். லைடன் நகரத் தெருக்களில் இருவரும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் நடந்துகொண்டே பேசினார்கள். அடுத்த மாதம் மியூனிக்கில் தன் எட்டாவது சிம்பொனியை அரங்கேற்றினார் மாலர். (மறு ஆண்டு மாலர் இறந்தபின், அந்த நடைக்கான கட்டணத்தை ஃபிராய்ட் அவருடைய சொத்திலிருந்து கேட்டது தனிக்கதை.)

இன்று மேலைநாடுகளில் மனநல ஆலோசகர்கள் சிலர் இப்படி நடந்துகொண்டே பேசுவதையே முறையாகச் செய்கிறார்கள். அறைக்குள் எதிரெதிரே உட்கார்ந்தால் பலருக்கு வாய் அடைத்துப்போகிறது. பக்கத்தில் நடப்பவரிடம் முகம் பார்க்காமலே சொல்லிவிடலாம். இடையில் பேச்சு நின்றாலும் உறுத்தாது, கால்கள்தான் நடந்துகொண்டிருக்கின்றனவே! தெரிந்தவர் யாராவது எதிரே வந்துவிட்டால்தான் சங்கடம்.

எங்கே நடக்கிறோம் என்பதும் முக்கியம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில் 38 பேர் கலந்துகொண்டார்கள். பாதிப்பேர் மரமும் புல்வெளியுமான இடத்திலும், மற்றவர்கள் வாகனங்கள் விரையும் சாலையோரத்திலும் 90 நிமிடம் நடந்தார்கள். பசுமையில் நடந்தவர்களிடம், கசப்பான நினைவுகளையே திரும்பத் திரும்ப அசைபோடும் போக்கு குறைந்திருந்தது. அதோடு தொடர்புடைய மூளைப்பகுதியின் செயல்பாடும் தணிந்திருந்தது. சாலையோரம் நடந்தவர்களிடம் அப்படி மாற்றமில்லை. சிறிய ஆய்வுதான். ஆனாலும் கைபேசியில் காலடிகளை எண்ணிக்கொண்டு மெயின் ரோட்டில் விரைபவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். உடம்புக்கு அது போதும். மனசுக்குப் போதுமா என்பது சந்தேகம்.

சரி, நடை மருந்துக்கு ஈடாகுமா? 1999இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வில், மனச்சோர்வு நோய் கண்ட 156 பேரில் ஒரு பிரிவினர் வாரம் மூன்று நாள் நடந்தோ மெதுவாக ஓடியோ வந்தார்கள். 16 வார முடிவில், மாத்திரை எடுத்தவர்களுக்கு ஈடான முன்னேற்றம் அவர்களிடமும் தெரிந்தது. ஆனால் மாத்திரைதான் விரைவாக வேலை செய்தது. ஆகவே நடக்கத் தொடங்கியதும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள்; மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் யாராவது சில நாட்களாக முகம் வாடி இருந்தால், “என்ன ஆச்சு?” என்று குடையாமல், செருப்பை மாட்டிக்கொண்டு, “வா, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்” என்று கூப்பிட்டுப் பாருங்கள்.