உப்புக்கண்டம்: போட, வாங்க, வைத்துக்கொள்ள

கம்பம் ஊரில் கறிக்கு உப்புத் தடவி வெயிலில் கட்டுவார்கள், அது உப்புக்கண்டம். லோயர் கேம்ப் தாண்டி குமுளி மலை ஏறிவிட்டால், இடுக்கிப் பக்கம் அதே வேலை அடுப்புக்கு மேலே நடக்கும். அங்கே மாட்டுக்கறியைப் புகையில் உலர்த்தி, உரலில் இடித்து வதக்கினால் அது இடியிறைச்சி. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மலைதான். தென்மேற்குப் பருவமழை அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் சாரலாகத்தான் இறங்கும். நெல் விளையவே 1895இல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை மலையைக் குடைந்து கொண்டுவர வேண்டியிருந்த பள்ளத்தாக்கு இது. அந்த வறட்சி வயலுக்குக் கஷ்டம், கறி காயப்போடுகிறவர்களுக்குத் தோது.

உப்புக்கண்டத்தைக் கெடாமல் வைத்திருப்பது மஞ்சளும் மிளகாயும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அவை வாசனைக்கும் காரத்துக்கும்தான். பச்சைக்கறியில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் இருக்கிறது. உப்பு அதை வெளியே இழுக்கிறது. உள்ளே தங்கும் ஈரத்தையும் கிருமிக்கு எட்டாமல் பிடித்துக்கொள்கிறது. மீதியை வெயிலும் காற்றும் முடிக்கின்றன. ஆகவே இது நேரத்தோடு போட்டி. கறி காய்வதற்குள் கிருமி பெருகிவிடக் கூடாது. முதல் நாள் வெயில் நன்றாக விழுந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. மேகமூட்டமான நாளில் தொடங்கினால் எவ்வளவு உப்புப் போட்டும் நிம்மதி இருக்காது.

சித்திரையும் வைகாசியுமே இதற்கு நல்ல காலம். ஊர்ப்பொங்கல், கிடாவெட்டு என்று வீட்டில் கறி மிஞ்சுவதும் பெரும்பாலும் அப்போதுதான். ஃபிரிட்ஜ் இல்லாத நாளில் மிஞ்சிய கறிக்கு வேறு வழியும் இல்லை. கம்பம், உத்தமபாளையம் பக்கத்து ராவுத்தர் வீடுகளில் பக்ரீத் கறி உப்புக்கண்டமாகும். பக்ரீத் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். 2025இல் ஜூன் 7, சாரல் தொடங்குகிற நேரம். இனி வரும் ஆண்டுகளில் அது மே, ஏப்ரல் என்று வெயிலுக்குள் போகும். ஆடிக்காற்று வேகமாகக் காயவைக்கும், ஆனால் கூடலூர்ப் பக்கம் சாரலையும் சேர்த்துக் கொண்டுவரும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த ஆசையே வேண்டாம்.

கறிக்கடையில் வெள்ளாட்டுத் தொடைக்கறியாக, எலும்பில்லாமல், அன்று வெட்டியதாகக் கேளுங்கள். கொழுப்பையும் சவ்வையும் ஒட்டக் கழித்துவிட வேண்டும். கொழுப்பு காயாது, சில வாரத்தில் காறல் வாடை அடிக்கத் தொடங்கும். கறியைக் கழுவினால் தண்ணீரை ஒட்ட வடியவிட்டுத் துடைத்து, விரல் கனத்துக்கும் மெல்லிய நீளத் துண்டுகளாக நறுக்குங்கள். கிலோவுக்கு 50 முதல் 60 கிராம் கல் உப்பு, காய்ந்த மிளகாய், பூண்டு, மஞ்சள் எல்லாவற்றையும் தண்ணீர் விடாமல் அரைத்துப் பிசறி, ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் ஊசி நூலில் ஒன்றோடொன்று ஒட்டாமல் கோத்து, மொட்டைமாடிக் கொடியில் கட்டலாம். மேலே மெல்லிய வலைத்துணி கட்டாவிட்டால் பாதி காக்கைக்கு, மீதி ஈக்கு. பொழுது சாய்ந்ததும் உள்ளே எடுத்துவிட வேண்டும். பனி ஈரம் பகல் உழைப்பைக் கெடுத்துவிடும். நாலைந்து நாளில் வளைத்தால் வளையாமல் முறிகிற பதம் வரும். நடுவில் மெத்தென்று இருந்தால் இன்னும் ஆகவில்லை.

கடையில் வாங்குகிறவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஒரு கிலோ கறி நன்றாகக் காய்ந்தால் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் மிஞ்சும். அப்படியானால் உப்புக்கண்டத்தின் கிலோ விலை கறிவிலையைப்போல ஏறத்தாழ மூன்று மடங்காவது இருந்தாக வேண்டும். அதற்கு வெகுவாகக் குறைந்தால், சரியாகக் காயாமல் எடைக்கு ஈரம் வைத்திருக்கிறார்கள், அல்லது அது ஆட்டுக்கறியே இல்லை. பொட்டலத்தின் உள்பக்கம் நீர் முத்துக் கட்டியிருந்தால் வாங்காதீர்கள். மென்மையாக இருப்பதைப் பலர் புதுசு என்று விரும்பி எடுக்கிறார்கள். அது உப்புப் போட்ட பச்சைக்கறி, அவ்வளவுதான். ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் சமைத்துவிட வேண்டியது.

அந்தக் காலத்தில் மண்பானையில் போட்டு வேடு கட்டி வைத்தார்கள், மாதம் ஒருமுறை மறுபடி வெயிலில் காட்டினார்கள். இப்போது கண்ணாடிப் பாட்டிலில் இறுக மூடி ஃபிரிட்ஜில் ஓரிரு மாதம், ஃப்ரீசரில் ஆறு மாதம் என்று வைத்துக்கொள்வதே உத்தமம். ஈரக்கை படக் கூடாது. ஒரு துண்டில் பூஞ்சணம் பூத்தால் அதை மட்டும் எடுத்துப்போட்டுச் சமாளிக்க வேண்டாம், மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

பன்றிக்கறியில் இதைச் செய்யலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அதில் நாடாப்புழுவின் இளம்புழுக் கட்டிகள் இருந்தால் வீட்டு உப்பையும் வெயிலையும் நம்ப முடியாது. நன்றாக வேகவைத்துச் சாப்பிடுவதே சரி. கோவாவின் சொரீசோ என்ற பன்றிக்கறி சாசேஜில் உப்போடு வினிகரின் புளிப்பும் காவல் இருக்கிறது. அமெரிக்காவின் லூசியானாவில் பன்றிக்கறி, ஈரல், சோறு, வெங்காயத்தாள் எல்லாவற்றையும் வேகவைத்துக் குடலில் அடைக்கிற பூடான் என்ற சாசேஜ் நேர் எதிர் வகை. முழுக்க ஈரம், அதிலும் சோறு. சோற்றில் வேகவைத்தும் சாகாத கிருமி வித்துகள் உண்டு, வெளியே ஆறப்போட்டால் முளைத்துவிடும். வெளிநாட்டிலிருந்து வந்தவர் ஆசைக்கு அதை வீட்டில் செய்தால், நம் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள், சாப்பிடும்போது உள்வரை ஆவி பறக்கச் சூடாக்குங்கள்.

உப்புக்கண்டத்தைச் சமைக்க அதிகப் பாடில்லை. காய்வதால் கிருமி பெருகுவது நிற்கும், ஆனால் எல்லாம் செத்துவிடாது. அதனால் எண்ணெயில் காட்டி எடுத்தால் போதாது. வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிடுங்கள், உப்பும் கொஞ்சம் இறங்கும். இரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு அப்போதும் இது அளவாகத் தொட்டுக்கொள்கிற சங்கதிதான். அம்மியில் வைத்து நார் பிரியத் தட்டி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு நிதானமான தீயில் வதக்கினால் பழைய சோற்றுக்கும் கம்பங்கூழுக்கும் ஆயிற்று. குழம்பென்றால் மொச்சையும் கத்தரிக்காயும் சேரும். கறியை முதலில் வேகவிட்டு, புளி ஊற்றிக் கொதித்த பிறகு ருசி பாருங்கள். உப்பு போட வேண்டுமா என்பது அப்போதுதான் தெரியும், பெரும்பாலும் வேண்டியிருக்காது.