மருமகள் மறுபடி முதல் வருஷம்!

'பி.எஸ்சி., முடிச்சு வேலைக்கும் போயாச்சு. நாலு வயசுல பிள்ளை வேற. இப்பப் போய் டாக்டர் படிப்பா?' லண்டனில் இருக்கும் என் மருமகளைப் பற்றி உறவினர் கேட்காத நாளில்லை. அவளது முதல் வருஷத்தில், பேரனைப் பார்த்துக்கொள்ள சில மாதம் அங்கே தங்கியிருந்தேன். மகளையோ, மருமகளையோ மறுபடி படிக்க அனுப்பத் தயங்கும் சகோதரிகளுக்கு உதவுமே என்று இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் பிளஸ் டூ முடித்ததும் எம்.பி.பி.எஸ்., சேரலாம். அமெரிக்காவிலோ டிகிரி முடித்துவிட்டுத்தான் டாக்டருக்குப் படிப்பது வழக்கம். 1893ல் துவங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரிக்குப் பெரும் பணம் தந்த மேரி காரெட் என்ற பெண்மணி, 'ஆண்களுக்குச் சமமாகப் பெண்களையும் சேர்க்கணும்' என்று நிபந்தனை போட்டார். முதல் வகுப்பின் 18 பேரில் மூன்று பேர் பெண்கள்! இங்கிலாந்தில் பட்டதாரிகளுக்கான நான்கு வருஷப் படிப்பு 2000ல் துவங்கியது. அறிவியல் அல்லாத பட்டம் பெற்றவர்களையும் சில கல்லூரிகள் சேர்த்துக்கொள்கின்றன.

ஒரு வருஷம் மிச்சம் என்று நினைத்து விடாதீர்கள். மற்றவர்கள் இரண்டு வருஷம் படிப்பதில் பெரும்பகுதியை இவர்கள் முதல் வருஷத்திலேயே முடிக்க வேண்டும். 'மாடிப்படி ஏறினால் நெஞ்சு வலிக்கும் 55 வயதுக்காரர்' என்று ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்து விடுவார்கள். சின்னக் குழுவாக உட்கார்ந்து, தெரியாததையெல்லாம் பட்டியல் போட்டு, ஆளுக்கொன்றாகப் படித்து வந்து மற்றவர்களுக்குச் சொல்லணும். என் மருமகள் முதலில் எனக்குத் தமிழில் சொல்லிப் பார்ப்பாள். எனக்குப் புரிந்தால் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தமாம்! இதயத்துக்குள் எவ்வளவு ரத்தம் ஓடினாலும், அதன் தசைக்கு ரத்தம் தர மேலே தனிக் குழாய்கள் உண்டு; அது அடைபட்டால்தான் மாரடைப்பு என்று நானும் கற்றுக்கொண்டேன்.

உடற்கூறு வகுப்பின் முதல் நாள் அவள் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. 'அவங்களா விருப்பப்பட்டு உடம்பைத் தானமாத் தந்தவங்க அத்தை' என்று மட்டும் சொன்னாள். வருஷக் கடைசியில் அவர்களுக்கு நன்றி சொல்ல ஒரு கூட்டமே நடத்தினார்களாம்.

படிப்பை விட மனசுதான் பெரிய பாடு. 'ஆபீசுல எல்லாரும் என்கிட்ட சந்தேகம் கேட்பாங்க. இங்க எனக்கு ஒண்ணுமே தெரியல' என்று அழுவாள். சம்பளம் போய், கடன் வந்தது. ஒரு தேர்வில் தவறியதும், 'விட்டுடறேன்' என்றாள். என் மகன் பேசவில்லை. மறுநாளிலிருந்து பிள்ளையைக் குளிப்பாட்டித் தூங்க வைப்பதைத் தன் வேலையாக்கிக் கொண்டான். இரவு ஏழிலிருந்து பத்து வரை அவளுடைய நேரம். கதவைத் தட்டக் கூடாது. மறு தேர்வில் தேறினாள். இப்போது இரண்டாம் வருஷம்.

ஒரு எச்சரிக்கை: வெளிநாட்டில் படித்துவிட்டு இந்தியாவில் டாக்டராக விரும்புவோருக்கு, படிப்பே குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும் என்கிறது 2021ல் வந்த விதி. நான்கு வருஷம் என்பது 48 மாதம்தான். திரும்பி வரும் எண்ணமிருந்தால் சேரும் முன்பே நன்றாக விசாரித்து விடுங்கள்.

மற்றபடி, 'இந்த வயசுல எதுக்கு?' என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த மூன்று மணி நேரத்தை அவளுக்கு யார் தருவது என்று வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பேசுங்கள்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.