1,200 சதுர அடி ஃபிளாட்டில் உண்மையில் கிடைப்பது எவ்வளவு?

‘2 பிஎச்கே, 1,200 சதுர அடி, சதுர அடி ரூ.7,000 மட்டுமே!’ ஓஎம்ஆர் பக்கம் பைக்கில் போகிறவர்கள் இப்படி ஒரு பலகையைப் பார்க்காமல் வீடு திரும்ப முடியாது. பெருக்கினால் 84 லட்சம். இஎம்ஐ எவ்வளவு வரும் என்று மனசு உடனே கணக்குப் போட ஆரம்பித்துவிடும். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இது எந்த 1,200?

ஒரே ஃபிளாட்டுக்கு மூன்று அளவுகள் உண்டு. வீட்டுக்குள் புழங்கும் இடம் கார்ப்பெட் ஏரியா. வெளிச்சுவர்களின் தடிமனும் பால்கனியும் சேர்ந்தால் பில்ட்-அப் ஏரியா. படிக்கட்டு, லிஃப்ட், லாபி, ஜிம், கிளப் ஹவுஸ் என எல்லாவற்றிலும் ஒரு பங்கைச் சேர்த்துவிட்டால் சூப்பர் பில்ட்-அப். பலகையில் பெரிதாக இருப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி எண்தான். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016, அதாவது ரெரா, கார்ப்பெட் ஏரியாவுக்கு மட்டுமே விளக்கம் தருகிறது. சூப்பர் பில்ட்-அப் என்பது கட்டுநர்கள் தாங்களே வைத்துக்கொண்ட கணக்கு.

“லோடிங் எவ்வளவு?” என்று கேட்டால், “30 பர்சென்ட்தான் சார், எல்லா இடத்துலயும் இதான்” என்று பதில் வரும். எதில் 30 சதவீதம்? கார்ப்பெட் ஏரியாவின் மேல் 30 சதவீதம் ஏற்றியிருந்தால், 1,200-ல் 923 சதுர அடி வீட்டுக்குள் இருக்கும். மொத்தத்தில் 30 சதவீதம் கழியும் என்றால் 840 தான். நடுவில் காணாமல்போன 83 சதுர அடி, பத்துக்கு எட்டு அளவில் ஒரு குட்டி ரூம். இரண்டையும் ‘30 பர்சென்ட்’ என்றே சொல்ல முடியும் என்பதுதான் இதில் உள்ள வசதி, அவர்களுக்கு.

அதனால் சதுர அடி விலையை ஒப்பிடும்போது கீழே இருக்கும் எண்ணை மாற்றிப் பார்க்க வேண்டும். ஓர் உதாரணம்: முதல் ஃபிளாட் 1,200 சதுர அடி, ரூ.7,000 வீதம் 84 லட்சம். கார்ப்பெட் ஏரியா 780. இரண்டாவது 1,100 சதுர அடி, ரூ.7,500 வீதம் 82.5 லட்சம், கார்ப்பெட் ஏரியா 803. முதலாவதுதான் மலிவு என்று தோன்றும். கார்ப்பெட் கணக்கில் முதல் ஃபிளாட் சதுர அடிக்கு ரூ.10,769, இரண்டாவது ரூ.10,274. பலகையில் சின்னதாகவும் காஸ்ட்லியாகவும் தெரிந்த வீடு உள்ளே பெரிசு, விலையிலும் குறைவு.

கார்ப்பெட் ஏரியாவிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ரெரா விளக்கப்படி பால்கனி அதில் வராது. ஆனால் ரூம்களுக்கு நடுவே இருக்கும் உள்சுவர்கள் வரும். அதாவது நிஜமாகவே கார்ப்பெட் விரிக்கக்கூடிய இடம் கார்ப்பெட் ஏரியாவைவிடக் கொஞ்சம் குறைவு!

சரி, 780 சதுர அடி முழுசா கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதில் பெட்ரூம்களுக்குப் போக மூன்றரை அடி அகலம், 16 அடி நீளத்தில் ஒரு பாதை இருந்தால் 56 சதுர அடி அதற்கே போய்விடும். மேலே பார்த்த விலையில் அந்த நடைபாதை 6 லட்சம் ரூபாய். அங்கே ஒரு ஷூ ஸ்டாண்ட்கூட வைக்க முடியாது. ஹாலும் அப்படித்தான். அளவு பெரிதாக இருந்தாலும், இரண்டு பெட்ரூம், கிச்சன், பால்கனி என்று நாலு கதவும் ஹாலிலேயே திறந்தால், சோபா போட ஒரு முழுச் சுவர் மிஞ்சாது. பிளானில் எண்களைப் பார்ப்பதைவிட கதவுகள் எந்தப் பக்கம் திறக்கின்றன என்று பார்ப்பது பல நேரம் பிரயோஜனம்.

சில இடங்களில் பத்துப் பதினைந்து சதுர அடிகூடப் பணமாக மாறும். கட்டுமானத்தில் இருக்கும் ஃபிளாட், விலை 45 லட்சத்துக்குள், கார்ப்பெட் ஏரியா சென்னை போன்ற பெருநகரில் 60 சதுர மீட்டருக்குள் (சுமார் 646 சதுர அடி, மற்ற ஊர்களில் 90 சதுர மீட்டர்) என்றால் ஜிஎஸ்டி 1 சதவீதம். தாண்டினால் 5 சதவீதம். சென்னையில் 44 லட்சம் ரூபாய் வீட்டின் கார்ப்பெட் ஏரியா 640 சதுர அடி என்றால் வரி 44,000. 655 என்றால் 2.2 லட்சம். நிறைவுச் சான்று வாங்கியபின் விற்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது.

குடிபோன பிறகும் அந்த 1,200 விடாது. பல குடியிருப்புகளில் மெயின்டனன்ஸ் கட்டணம் சூப்பர் பில்ட்-அப் அளவில்தான் வாங்கப்படுகிறது. சதுர அடிக்கு 4 ரூபாய் என்றால் மாதம் 4,800.

இத்தனைக்கும் மேலே, பத்திரத்தில் இன்னொரு சதுர அடி ஒளிந்திருக்கிறது. அது யுடிஎஸ் எனப்படும் பிரிபடாத நிலப் பங்கு. கட்டடத்துக்கு வயதாக ஆக அதன் மதிப்பு தேயும்; விலை ஏறுவது பெரும்பாலும் மண்ணுக்குத்தான். நாலு கிரவுண்டில், அதாவது 9,600 சதுர அடியில், ஒரே அளவில் 16 ஃபிளாட் என்றால் ஆளுக்கு 600 சதுர அடி நிலம். அதே நிலத்தில் 32 வீடு ஏறினால் 300. வீட்டின் அளவு, டைல்ஸ், ஜன்னல் எல்லாம் ஒரே மாதிரி இருக்கலாம். முப்பது வருஷம் கழித்து இடித்துக் கட்டும் பேச்சு வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022-ன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம். அந்தப் பேரத்தில் கையில் இருக்கும் சீட்டு யுடிஎஸ்தான்.

பெரிய புராஜெக்ட் என்றால், திறந்தவெளி ஒதுக்கீடாக உள்ளாட்சிக்குத் தானம் கொடுத்த நிலத்தைக் கழித்துவிட்டுத்தான் யுடிஎஸ் பங்கு போட்டிருக்கிறார்களா என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

புராஜெக்ட்டின் ரெரா பதிவு எண்ணைக் கொண்டு தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் விவரங்களைத் தேடலாம். அதில் இருக்கும் கார்ப்பெட் ஏரியாவும் விற்பனை ஒப்பந்தத்தில் இருப்பதும் ஒன்றா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கலாம். ஒரு கிரவுண்டில் நாலு ஃபிளாட் கட்டும் சின்ன கட்டுநர்கள் ரெரா வரம்புக்குள் வரமாட்டார்கள். அங்கேயும், பழைய ஃபிளாட் வாங்கும்போதும், அளவு நாடாதான் துணை. ஒவ்வொரு ரூமையும் சுவருக்குச் சுவர் உள்பக்கமாக அளந்து, பால்கனியைத் தனியே எழுதிக் கூட்டினால் அரை மணி நேரத்தில் எண் கிடைத்துவிடும். விலை பேசுவதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.