பெயரும் இருப்பிடமும்: ஜாவா வகுப்புகள் தேடப்படும் முறைமை

கணினித் துறையில் 'வகுப்பு' என வழங்குவது சமூகவியலார் ஆராயும் வர்க்கம் அன்று. தரவுகளையும் அவற்றின்மீது நிகழும் செயல்களையும் ஒருங்கே கொண்ட செய்நிரல் அலகே அது. எனினும், ஒரு பொருளைப் பெயர்கொண்டு மட்டும் அறிதல் இயலாது, அதன் புறநிலைமைகளையும் நோக்குதல் வேண்டும் என்னும் கருத்து இங்கும் பொருந்தக் காண்கிறோம்.

1995 இல் வெளிவந்த ஜாவா மொழியில் வகுப்புகள் பொதிகளாகத் தொகுக்கப்படுகின்றன. பெயர்கள் தமிழெழுத்திலும் அமையலாம். 'மட்டக்குளி.பதிவேடு' எனப் பெயரிட்டால், 'மட்டக்குளி' என்னும் கோப்புறையினுள் 'பதிவேடு' என்னும் வகுப்புக் கோப்பு இருத்தல் வேண்டும். அக்கோப்புறை கணினியில் எங்குளது என்பதைப் பெயர் உணர்த்தாது, தேடுபாதையே உணர்த்தும்.

இப்பாதையைக் கட்டளை வரியிலே 'கிளாஸ்பாத்' என்னும் தெரிவினாலோ, அதே பெயருடைய சூழல் மாறியினாலோ குறிக்கலாம். முன்னையது இருப்பின் பின்னையது கருதப்படாது. இரண்டும் இல்லாவிடின் நடப்புக் கோப்புறை மட்டுமே தேடப்படும். பாதையில் இடம்பெற வேண்டியது 'மட்டக்குளி' கோப்புறையன்று, அதனை உள்ளடக்கிய மேற்கோப்புறையாகும். மாணவர் பலர் இடறுவது இவ்விடத்திலேயே. பல வகுப்புகளை ஒன்றாகக் கட்டிய ஜார் கோப்பாயின், அக்கோப்பின் பெயரையே குறித்தல் வேண்டும். 2006 இல் வெளியான ஆறாம் பதிப்பு முதல், ஒரு கோப்புறையிலுள்ள எல்லா ஜார் கோப்புகளையும் நட்சத்திரக் குறியொன்றாற் சுட்டவும் இயலும்.

தேடலின் ஒழுங்கும் மனங்கொளத்தக்கது. ஒரே பெயருடைய வகுப்பு ஈரிடங்களில் இருப்பின், பாதையில் முற்பட நிற்பதே ஏற்கப்படும். மற்றையது இருந்தும் இல்லாததாகிவிடும். ஜாவாவின் அடிப்படை வகுப்புகளோ இவை யாவற்றுக்கும் முன்னரே தேடப்படுவன.

மேலும், தொகுத்தலும் இயக்குதலும் இருவேறு செயல்கள். தொகுப்பான் பிற வகுப்புகளைக் கண்டு சரிபார்க்கின்றது. ஆனால் தான் உண்டாக்கும் கோப்பில் அவற்றின் பெயர்களையே விட்டுச்செல்கின்றது. ஆதலின் இயக்கச் சூழல் அவற்றை மீளவும் தேடவேண்டும். இருவேளைகளிலும் பாதை வேறுபடின், பிழையின்றித் தொகுக்கப்பட்ட செய்நிரலும் இயங்கும்போது நின்றுவிடும். பழைய பதிப்பொன்று முற்படின், அழைத்த செயற்கூறு இல்லையென்னும் பிழை தோன்றும்.

இச்சிக்கலுக்கு விடைகண்ட முயற்சிகளுள் கொழும்புக்கும் பங்குண்டு. இலங்கைப் பொறியியலாளர் பலர் பங்களித்து, 2006 இல் முதற்பதிப்பு வெளிவந்த அப்பாச்சி அக்சிஸ்2 என்னும் திறந்த மூல மென்பொருளில், ஒவ்வொரு சேவைக்கும் தனித்த வகுப்பேற்றி அமைந்தது. இதனால் ஒரே நூலகத்தின் இரு பதிப்புகளை இரு சேவைகள் முரணின்றிக் கையாள முடிந்தது. 2017 இல் வெளியான ஒன்பதாம் பதிப்போ, ஒரு கூறு எவற்றைச் சார்ந்துளது என்பதை முன்கூட்டியே அறிவிக்கும் கூற்றுப்பாதையை அறிமுகஞ்செய்தது.

ஆங்கிலத்தில் எழும் பிழைச்செய்தியைக் கண்டு, தமது அறிவே குறையுடையதெனத் தமிழ்மொழிமூல மாணவர் ஒதுங்குதல் பெரும் இழப்பாகும். எப்பாதை, எவ்வொழுங்கு, எவ்வேளை என்னும் மூன்று வினாக்களை அவர்தம் கையில் அளிப்பது நம்மனோர் கடனாகும்.