ஹெச்-1பி கட்டணம் 1 லட்சம் டாலர்: உலக வர்த்தக அமைப்பில் இந்தியா கேட்க முடியுமா?

ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்து மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டுக்காரர்களைத் திருவண்ணாமலையில் எல்லோருக்கும் தெரியும். உலக வர்த்தக அமைப்பின் கணக்கில் இதுவும் சேவை ஏற்றுமதிதான். வாங்குபவர் நம் ஊருக்கே வருகிறார். அதே தெருவில் வீட்டில் உட்கார்ந்தபடி அமெரிக்க கம்பெனிக்கு கோடிங் செய்து கொடுப்பது இன்னொரு வழி. வெளிநாட்டில் கிளை திறப்பது மற்றொன்று. நம்ம ஊர் இன்ஜினீயர் 'ஆன்சைட்' போய் வேலையை முடித்துவிட்டுத் திரும்புவது நான்காவது வழி. தகராறெல்லாம் இந்த நாலாவதில்தான்.

1995-ல் அமலுக்கு வந்த 'காட்ஸ்' எனும் சேவை வர்த்தக ஒப்பந்தம் இதில் ரொம்பவே ஜாக்கிரதையாக எழுதப்பட்டது. வேலை தேடிப் போவதற்கோ, நிரந்தரமாகக் குடியேறுவதற்கோ இது பொருந்தாது. விசா கட்டுப்பாடுகளை நாடுகள் வைத்துக்கொள்ளலாம். ஆனால், ஏற்கெனவே கொடுத்த வாக்குறுதியின் பலனைக் காலி செய்கிற மாதிரி வைக்கக் கூடாது.

அமெரிக்கா கொடுத்த வாக்குறுதி என்ன? சிறப்புத் திறன் பணிகளுக்கு, உலகம் முழுவதிலிருந்தும் ஆண்டுக்கு 65,000 பேர், மூன்றாண்டு வரை. ஆமாம், ஹெச்-1பி லாட்டரி சீசனில் நாம் கேட்கும் அதே எண்தான். அமெரிக்காவில் முதுநிலை படித்தவர்களுக்கான கூடுதல் 20,000 அந்த நாடு தானாகச் சேர்த்தது.

சரி, எண்ணைத் தொடாமல் விலையை மட்டும் ஏத்தினா?

2010-ல் அதுதான் நடந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்து, அவர்களில் பாதிக்கு மேல் ஹெச்-1பி, எல்-1 விசாவில் இருக்கும் கம்பெனிகளுக்கு மட்டும் கூடுதல் கட்டணம். சட்டத்தில் இந்தியா என்ற பெயரே கிடையாது. அடி விழுந்தது பெரும்பாலும் இந்திய ஐ.டி. நிறுவனங்கள் மீது. 2015 டிசம்பரில் அது ஹெச்-1பிக்கு 4,000 டாலர், எல்-1க்கு 4,500 டாலர் என இரட்டிப்பானது. 2016 மார்ச்சில் இந்தியா உலக வர்த்தக அமைப்பில் புகார் கொடுத்தது. வழக்கு எண் டிஎஸ் 503. பேச்சுவார்த்தைக் கட்டத்தோடு அது நின்றுவிட்டது. நடுவர் குழு வரை போகவே இல்லை.

4,000 டாலருக்கே வழக்கு. 2025 செப்டம்பர் 19-ல் டிரம்ப் அறிவித்தது 1,00,000 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 88 லட்சம் ரூபாய். புதிய விண்ணப்பங்களுக்கு, ஓராண்டுக்கு என்று உத்தரவு. 65,000 இடம் காகிதத்தில் அப்படியே இருக்கிறது. இந்த விலைக்கு யார் வாங்குவார்கள்? 'பலனைக் காலி செய்வது' என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

ஆனால் ஜெயித்தாலும் தீர்ப்பு அந்தரத்தில் தொங்கும். புதிய உறுப்பினர்களை நியமிக்க விடாமல் அமெரிக்கா தடுத்ததால், மேல்முறையீட்டு அமைப்பு 2019 டிசம்பரிலிருந்து முடங்கிக் கிடக்கிறது. தோற்றவர் 'அப்பீல்' என்று சொல்லிவிட்டால் போதும், வழக்கு அங்கேயே உறங்கும்.

நாமும் சும்மா இல்லை. சுற்றுலா விசாவில் வந்தவர் இங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. வேலை விசாவுக்குக் குறைந்தபட்ச சம்பள வரம்பு இருக்கிறது.

இன்னொரு விஷயம். அமெரிக்காவிலேயே படித்து, அங்கிருந்தபடி விசா மாற்றுபவர்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை என்று 2025 அக்டோபரில் விளக்கம் வந்தது. படிக்க அங்கே போகாமல், திருவண்ணாமலையில் இருந்தபடி ஆன்சைட் வாய்ப்புக்குக் காத்திருப்பவருக்குத்தான் முழு அடி. அவருக்காக 88 லட்சம் கட்டலாமா என்று முடிவெடுக்க வேண்டியது கம்பெனி.