எல்ஏ-2ஏ ஒலியமுக்கியின் வீட்டு நகல்

எல்ஏ-2ஏ (மட்டமாக்கும் பெருக்கி) என்பது 1960களில் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள பாசடீனா நகரில் டெலிட்ரோனிக்சு நிறுவனம் தயாரித்த, வெற்றிடக்குழல்களால் (வால்வுகளால்) இயங்கும் ஒலியமுக்கி ஆகும். ஒலிச்சமிக்ஞையின் உரத்த பகுதிகளைத் தானாகவே தணித்து, உரத்த பகுதிக்கும் மென்மையான பகுதிக்கும் இடையிலான வேறுபாட்டைக் குறைக்கும் கருவி ஒலியமுக்கி (கம்ப்ரசர்) எனப்படுகின்றது. எல்ஏ-2ஏ கருவியின் சுற்று எளிமையானது. இதனால் இலத்திரனியலில் ஆர்வமுள்ள பலர் இதன் நகலை வீட்டிலேயே அமைக்கின்றனர். நகல் மூலக்கருவியைப் போல ஒலிப்பது பெரும்பாலும் வால்வுகளால் அன்று. டி4 எனப்படும் சிறிய ஒளிக்கலத்தாலேயே ஆகும்.

வரலாறு

இக்கருவியை வடிவமைத்தவர் டெலிட்ரோனிக்சு நிறுவனத்தைத் தொடங்கிய சேம்சு லாரன்சு ஆவார். இவர் வானொலி நிலையப் பொறியாளராகப் பணியாற்றியவர். வானொலி ஒலிபரப்பில் சமிக்ஞையின் மட்டம் எல்லை மீறினால் ஒலி சிதையும். மிகவும் தாழ்ந்தால் இரைச்சலில் மூழ்கும். இதனால் ஒருவர் எப்பொழுதும் குமிழைத் திருகிக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது. இவ்வேலையைத் தானாகச் செய்யும் கருவியாக எல்ஏ-1, எல்ஏ-2 ஆகியன உருவாகி, இறுதியில் எல்ஏ-2ஏ வெளிவந்தது. 1965 இல் டெலிட்ரோனிக்சு பாப்காக் எலக்ட்ரானிக்சு நிறுவனத்தின் கைக்கும், 1967 இல் ஒலிப்பதிவுப் பொறியாளர் பில் புட்னத்தின் நிறுவனத்துக்கும் சென்றது. 1960களின் இறுதியில் தயாரிப்பு நின்றது. 1999 இல் புட்னத்தின் மகன்கள் யுனிவர்சல் ஆடியோ என்ற பெயரை மீட்டெடுத்து இக்கருவியை மீண்டும் தயாரிக்கத் தொடங்கினர்.

1960களில் பெறப்பட்ட காப்புரிமைகள் அனைத்தும் காலாவதியாகிவிட்டதால், சுற்றைப் பார்த்துத் தன் பயன்பாட்டுக்கு நகல் அமைப்பதற்குத் தடையில்லை. ஆனால் கருவியின் பெயர் வணிகக்குறி ஆதலால், அப்பெயரைப் பொறித்து விற்பது வேறு விடயமாகும்.

செயற்படும் விதம்

உள்ளே வரும் சமிக்ஞை முதலில் ஒரு மின்மாற்றியையும், அடுத்து ஒரு மின்னழுத்தப் பிரிப்பியையும் கடக்கின்றது. இப்பிரிப்பியின் மேற்பகுதி நிலையான மின்தடை. கீழ்ப்பகுதி ஒளிக்கலத்தில் உள்ள ஒளிமின்தடை. இருளில் ஒளிமின்தடையின் அளவு மிக அதிகம் என்பதால் சமிக்ஞை குறையாமல் செல்லும். ஒளி பட்டால் தடை குறைந்து, சமிக்ஞையின் ஒரு பகுதி தரைக்குச் செல்லும். புரிதலுக்காக நிலையான தடை 90 கிலோ ஓம் எனக் கொண்டால்:

* ஒளிமின்தடை 90 கிலோ ஓம் ஆகும்போது சமிக்ஞை பாதியாகும்; அதாவது 6 டெசிபெல் குறையும்.
* ஒளிமின்தடை 10 கிலோ ஓம் ஆகும்போது பத்தில் ஒன்றாகும்; அதாவது 20 டெசிபெல் குறையும்.

பிரிப்பியைக் கடந்த சமிக்ஞை இரு வழிகளில் பிரிகின்றது. ஒன்று, 12ஏஎக்சு7 வால்வும் 12பிஎச்7 வால்வும் கொண்ட பெருக்கியின் வழியே வெளிவாயிலை அடைகின்றது. மற்றொன்று, இன்னொரு 12ஏஎக்சு7 வால்வும் 6ஏக்யூ5 வால்வும் கொண்ட பக்கச்சுற்றில் பெருக்கப்பட்டு, ஒளிக்கலத்தின் விளக்கை ஏற்றுகின்றது. ஒலி உரத்தால் விளக்கு பிரகாசிக்கும். விளக்கு பிரகாசித்தால் ஒலி தணியும். பக்கச்சுற்று வெளிப்பெருக்கத்துக்கு முன்பே பிரிவதால், பெருக்கக் குமிழைத் திருகினாலும் அமுக்கத்தின் அளவு மாறுவதில்லை.

டி4 ஒளிக்கலம்

டி4 கலத்தினுள் ஒரு மின்னொளிர் தகடும், அதனை நோக்கியவாறு இரு காட்மியம் சல்பைடு ஒளிமின்தடைகளும் உள்ளன. ஒன்று ஒலியைத் தணிக்கின்றது. மற்றொன்று அளவுமானியை இயக்குகின்றது. இவ்விரண்டும் ஒத்த தன்மை உடையனவாக இல்லாவிடின், அளவுமானி காட்டும் அளவும் உண்மையான அமுக்கமும் வேறுபடும்.

மாடுலட்டத்தைத் தணிக்க இக்கலம் ஏறத்தாழ 10 மில்லிசெக்கன் எடுத்துக்கொள்கின்றது. இதனால் மிருதங்கத்தில் விழும் அடியின் தொடக்கம் தணியாமல் வெளிவரும். அதனைத் தொடரும் நாதமே தணியும். விடுபடுதல் இரு கட்டங்களாக நிகழ்கின்றது. முதற்பாதி ஏறத்தாழ 60 மில்லிசெக்கனில் மீளும். எஞ்சியது மீள அரைச் செக்கன் முதல் 5 செக்கன் வரை ஆகலாம். எவ்வளவு நேரம், எவ்வளவு பிரகாசமாக ஒளி பட்டதோ அதற்கேற்ப ஒளிமின்தடை மெதுவாக மீள்வதே இதற்குக் காரணம். இப்பண்பு கலத்தின் 'நினைவு' எனப்படுகின்றது. வாய்ப்பாட்டில் நீண்ட கார்வைக்குப் பின் மட்டம் திடீரென எகிறாமல் இயல்பாகத் திரும்புவது இதனாலேயே.

மின்னொளிர் தகட்டுக்குப் பதிலாக ஒளியுமிழ் இருமுனையத்தை (எல்இடி) வைத்தும் சிலர் கலம் அமைக்கின்றனர். இது மலிவானது, ஆனால் ஒரே மாதிரியானது அன்று. மின்னொளிர் தகடு ஆடலோட்டத்தில் நேரடியாக ஒளிரும். அதன் பிரகாசம் மின்னழுத்தத்தோடு அதிர்வெண்ணையும் பொறுத்தது. எல்இடிக்கு அலைதிருத்தி தேவை; குறிப்பிட்ட மின்னழுத்தத்தை எட்டும்வரை அது ஒளிர்வதில்லை.

காட்மியம் நச்சுத்தன்மை உடையது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2006 முதல் மின்னணுக் கருவிகளில் அதன் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டது. தொழில்முறை ஒலிக்கருவிகளின் ஒளிக்கலங்களுக்கு வழங்கப்பட்டிருந்த விலக்கு 2013 இறுதியில் முடிவுற்றது. ஒளிமின்தடைகளை உடைப்பதும் தேய்ப்பதும் கூடாது.

உதிரிபாகங்கள்

12ஏஎக்சு7 வால்வு ஐரோப்பாவில் ஈசிசி83 எனவும், 6ஏக்யூ5 வால்வு ஈஎல்90 எனவும் வழங்கப்படும். இந்தியாவில் பெங்களூரிலுள்ள பாரத் எலக்ட்ரானிக்சு நிறுவனம் 1960கள் முதல் வானொலிப் பெட்டிகளுக்கான வால்வுகளைத் தயாரித்தது. இன்று 12ஏஎக்சு7 வால்வு வெளிநாடுகளில் புதிதாகத் தயாரிக்கப்படுகின்றது. 6ஏக்யூ5 பெரும்பாலும் பழைய இருப்பிலிருந்தே கிடைக்கின்றது. மின்தடைகள், மின்தேக்கிகள், அளவுமானி முதலியவற்றைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கலாம்.

மின்வழங்கிக்கான மின்மாற்றியை உள்ளூரிலேயே சுற்றுவிக்க இயலும். மாதனூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தைப் போல மின்னோடிகளை நம்பியிருக்கும் தொழிற்பகுதிகளில் வைண்டிங் கடைகள் உண்டு. அங்கு வெறும் அமெரிக்கச் சுற்றுப்படத்தைக் காட்டினால் போதாது. அது 115 வோல்ட்டு, 60 எர்ட்சுக்கு உரியது. இந்திய மின்வழங்கல் 230 வோல்ட்டு, 50 எர்ட்சு ஆகும். மின்னழுத்தம் மாறாமல் அதிர்வெண் மட்டும் 60 இலிருந்து 50 ஆனால், இரும்பு உள்ளகத்தின் காந்தப்பாயம் 20 விழுக்காடு கூடும், மின்மாற்றி சூடேறும். ஆகவே 50 எர்ட்சுக்கென உள்ளகத்தையும் சுற்றுகளையும் கணக்கிடவேண்டும். நான்கு வால்வுகளின் சூடேற்றிகளும் 6.3 வோல்ட்டில் மொத்தம் 1.65 ஆம்பியர் எடுக்கும். சூடேற்றிச் சுருள் குறைந்தது 2 ஆம்பியருக்கு இருப்பது நன்று.

உள்வாயில், வெளிவாயில் மின்மாற்றிகள் வேறு வகையின. மூலக்கருவியில் யுடிசி நிறுவனத்தின் எச்ஏ-100எக்சு, ஏ-24 ஆகியன இருந்தன. 20 எர்ட்சு முதல் 20,000 எர்ட்சு வரையிலான ஒலியைச் சீராகக் கடத்தவேண்டிய இவற்றுக்குச் சிறப்பு உள்ளகமும் காந்தக்காப்பும் தேவை. இவற்றை ஒலித்துறை மின்மாற்றி செய்வோரிடமே பெறவேண்டும்.

பாதுகாப்பு

கருவியினுள் 250 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னழுத்தம் உள்ளது. இது உயிரைப் பறிக்கவல்லது. மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் வடிகட்டி மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். எடுத்துக்காட்டாக, 40 மைக்ரோபாரட் மின்தேக்கி ஒன்று 275 வோல்ட்டில் 1.5 யூல் ஆற்றலைச் சேமிக்கும். அதற்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 1 வாட்டு மின்தடை ஒன்றை நிலையாக இணைத்தால், ஏறத்தாழ 45 செக்கனில் மின்னழுத்தம் 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும். அம்மின்தடையும் பழுதுபடலாம் என்பதால், தொடுவதற்கு முன் மல்டிமீட்டரால் அளந்து பார்ப்பது கட்டாயம். உலோகப்பெட்டி மூன்றாம் கம்பி வழியாகப் புவியுடன் இணைக்கப்படவேண்டும். பழைய வீடுகளில் அச்சொருகியின் புவிமுனை வெறுமனே இருப்பதுண்டு. இதனை முதலில் சோதிக்கவேண்டும். வால்வுச் சுற்றில் முன் அனுபவம் இல்லாதவர் அனுபவம் உள்ள ஒருவர் உடனிருக்கையிலேயே முதன்முறை மின்சாரம் செலுத்துவது நன்று.

சோதித்தல்

1. வால்வுகளைப் பொருத்தாமல், 60 வாட்டு இழைவிளக்கு ஒன்றைத் தொடராக இணைத்து மின்சாரம் செலுத்துக. விளக்கு தொடர்ந்து பிரகாசித்தால் எங்கோ குறுக்குச்சுற்று உள்ளது.
2. வால்வுகள் இல்லாதபோது மின்னழுத்தம் வழக்கத்தைவிட உயரும். எனவே வடிகட்டி மின்தேக்கிகள் 450 வோல்ட்டு தாங்குவனவாக இருத்தல்வேண்டும்.
3. வால்வுகளைப் பொருத்தி, விளக்கை நீக்கி, ஒவ்வொரு முனையின் மின்னழுத்தத்தையும் சுற்றுப்படத்தோடு ஒப்பிடுக.
4. அமுக்கக் குமிழைச் சுழியத்தில் வைத்து 1,000 எர்ட்சு சமிக்ஞையைச் செலுத்திப் பெருக்கத்தை அளக்க. பின்னர் அமுக்கத்தைக் கூட்டி, வெளிவாயிலில் குறைந்த டெசிபெல்லும் அளவுமானி காட்டுவதும் ஒத்துள்ளனவா எனப் பார்க்க.

முரலல் கேட்டால் அதன் அதிர்வெண்ணே காரணத்தைச் சுட்டும். 100 எர்ட்சு முரலல் பெரும்பாலும் வடிகட்டலின் குறை. 50 எர்ட்சு முரலல் சூடேற்றிக் கம்பிகளிலிருந்தோ, மின்வழங்கி மின்மாற்றிக்கு அருகில் உள்வாயில் மின்மாற்றி இருப்பதாலோ வருவது. உள்வாயில் மின்மாற்றியைத் தள்ளி வைத்தும் திருப்பி வைத்தும் இதனைக் குறைக்கலாம்.

அனைத்தும் சரியாக இருந்தும் ஒரே சுற்றில் அமைந்த இரு நகல்கள் வேறுபட்டு ஒலிக்கக்கூடும். ஒளிமின்தடைகள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதும், மின்னொளிர் தகடு ஆண்டுகள் செல்லச்செல்ல மங்குவதும் இதற்குக் காரணமாகும். எனவே இரட்டைத்தட ஒலிப்பதிவுக்கு இரு கருவிகள் அமைப்போர், கலங்களை அளந்து இணையாகத் தெரிந்தெடுக்கின்றனர்.